சலவைக்கூடத்தில் எண்ணியது

நூலகத்தின் மூன்றாம் மாடியில்
எல்லாக் கட்டுரையும் திறந்துகொண்டது.
பல்கலைக்கழகம் மொத்தமாகச் சந்தா கட்டிய இணைப்பு;
மாப்பிள்ளை வீட்டாரைப் பந்திக்கு அழைத்துப்போவது போல
என் கணினியைக் கண்டதும் வழிவிட்டது.
எது யாருக்கும் திறந்தது,
எது எங்கள் காசுக்குத் திறந்தது,
அங்கே உட்கார்ந்து எப்படிச் சொல்ல?

அதனால் நவம்பர் கடைசியில்
தார்த்து ரயிலடிக்குப் பின்னால்
நாணயம் போட்டால் துவைக்கும் கடைக்குப் போனேன்.
வெளியே லோர்ட்ஸ் பெய்துகொண்டிருந்தது:
பனியாகவும் இருக்க மாட்டாமல்
மழையாகவும் ஆகாமல் விழுவதற்கு
எங்கள் ஊரில் அதுதான் பெயர்.
இணையக் கடவுச்சொல் சுவரில், பென்சிலில்.
துவைக்காதவர்கள் உட்காரக் கூடாது என்று
அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது.
இரண்டு யூரோ போட்டு
வெறும் இயந்திரத்தை ஓடவிட்டேன்.

பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்தெட்டுக் கட்டுரைகள்.
நிரல் முன்பே நிறம் பிரித்திருந்தது.
இதழே கதவில்லாமல் வெளியிட்டால் தங்கம்.
எழுதியவர் வேறிடத்தில் ஒரு பிரதி வைத்தால் பச்சை.
பதிப்பகம் உரிமம் ஏதும் சொல்லாமல்
பூட்ட மறந்தது போல விட்டிருந்தால் வெண்கலம்.
அவற்றில் இருநூறைக் குலுக்கி எடுத்து
கையால் திறந்து பார்ப்பது என் வேலை.
நிரல் பொய் சொல்கிறதா என்பதல்ல,
எத்தனைக்கு எத்தனை சொல்கிறது என்பது.

பதினேழாவது, பச்சை: பயனர் பெயர் கேட்டது.
நாற்பதாவது திறந்தது. நாற்பத்தொன்றும்.
அறுபத்திரண்டாவது ஜனவரி ஒன்றாம் தேதி திறக்குமாம்;
அறிக்கையை ஒரு மாதம் தள்ளிப்போட்டால்
உலகம் அந்த அளவுக்குத் தாராளமாகிவிடும்.

“என்ன தேடுகிறீர்கள்?”
பக்கத்து இயந்திரத்துக்காரர், ரௌனோ,
ரீகாவுக்கு மரம் ஏற்றிப் போகிறவர்.
சொன்னேன்.
“கதவு திறந்திருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கச் சம்பளமா?”
சிரித்துவிட்டு, சற்றுக் கழித்து,
குரலைத் தாழ்த்தி:
“காது இரைவது பற்றி ஏதாவது இருக்குமா?
வலது காது. இரண்டு வருஷமாக.”

இருந்தது. வெண்கலம்.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
முதல் பத்தியில் விரல் வைத்தார்,
இரண்டாவது வரியில் விரல் நின்றது.
“இங்கிலீஷ்” என்றார், குற்றம் போல அல்ல,
வானிலை சொல்வது போல.
என் அட்டவணையில் அந்தக் கட்டுரைக்கு
‘திறந்தது: ஆம்’ என்று நான் போட்டுவிட்டிருந்தேன்.
முடிவுரையை மட்டும் எஸ்தோனியனில் சொன்னேன்.
மேலும் ஆய்வு தேவை என்பதுதான் முடிவு.
“அதுவும் சரிதான்” என்று போர்வையை உதறினார்.

மறுநாள் கில்லி ஒரு யோசனை சொன்னாள்.
அடையாள எண் இல்லாத முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறதே,
‘தெரியவில்லை’ என்று நிரல் ஒதுக்கியவை,
அவற்றைக் கோட்டுக்குக் கீழேயுள்ள எண்ணிலிருந்து எடுத்துவிட்டால்
அறுபத்துமூன்று புள்ளி ஏழு
அறுபத்தைந்தரை ஆகிவிடும்.
அமைச்சகம் கேட்டது அறுபத்தைந்து.
தப்பொன்றும் இல்லை, தெரியாததை எப்படி எண்ணுவது?

ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது.
சலவைக்கூடத்தில் நேரம் மிச்சமிருந்ததால்
அவற்றில் முப்பதைத் தட்டிப் பார்த்திருந்தேன்.
பெய்ப்சி ஏரிக்கரையில் இரண்டு பேர் நடத்தும்
மீன் இதழ் ஒன்று. எண் வாங்கக் காசில்லை.
பூட்டு வாங்கவும் இல்லை.
ஒரே தட்டலில் முழுதும் வந்தது,
செதில் எண்ணி வயது கணித்த ஒரு மீனின் படத்தோடு.

அறுபத்துமூன்று புள்ளி ஏழு என்றே அனுப்பினேன்.
முறையியல் பகுதியில் ‘வெளி இணைப்பிலிருந்து’ என்று எழுதியதை
அடித்துவிட்டுச் ‘சலவைக்கூடத்திலிருந்து’ என்று மாற்றினேன்.
கில்லி அதைத் திரும்ப மாற்றினாள்.

கணக்குப் பிரிவு ரசீதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.
இரண்டு யூரோ, நாற்பது நிமிடம், துணி: இல்லை.
‘செலவுக்கான காரணம்’ என்ற பெட்டி காலியாக இருக்கிறதாம்.
அதில் இருபது எழுத்துக்கு மேல் கொள்ளாது.